கும்பிடுபூச்சியைத் தகட்டில் கீறி அச்செடுப்பது எப்படி

எங்கள் சித்தூர் மாவட்டத்து நந்தனூரில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி பாரிஸ் போய், 1952இல் ‘பூச்சி’ என்ற அச்சுப்படத்தைச் செதுக்கினார். உலோகத் தகட்டில் உளியால் கீறிய கோடுகள்தான் அந்தப் பூச்சிக்கு உடம்பும் எலும்பும். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது.

முதல் வேலை வரைவது அல்ல, பார்ப்பது. மாந்தோப்பில் கும்பிடுபூச்சி கிடைத்தால் வாயில் துணி கட்டிய கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அந்த முன்னங்காலைக் கவனியுங்கள்: மடக்குக்கத்தி மாதிரி மடியும், உள்பக்கம் இரண்டு வரிசை முள் இருக்கும், ஒரு வரிசை முள் இன்னொன்றைப் போல இருக்காது. முட்களை எண்ணி வரையுங்கள். விநோதத்தை அதற்கப்புறம் சேர்க்கலாம், அதுவும் ஒரே ஒரு இடத்தில். நான் காலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நுனியைக் கிணற்று ஏற்றமரமாக நீட்டினேன். கால் நிஜமாக இருப்பதால்தான் ஏற்றமும் நம்பும்படி நிற்கிறது. எல்லாவற்றையும் மாற்றினால் வெறும் அலங்காரம்தான் மிஞ்சும்.

தகட்டுக்கு, தெலுங்குப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் அடியில் இருப்பது தெரிகிற 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டில் மிச்சத் துண்டு கேளுங்கள். ஓரங்களை அரத்தால் சரிவாக ராவி, உப்புத்தாள் போடுங்கள், இல்லாவிட்டால் தாள் கிழியும். படத்தை அடியில் வைத்து, மரப்பிடியில் செருகிய தடித்த ஊசியால் கீறுங்கள். உளி சுருளாகச் சீவி எடுக்கும். ஊசி அப்படியில்லை, கோட்டோரத்தில் பிசிறு எழுப்பும். அந்தப் பிசிறில் மை தங்கித்தான் கோடு வெல்வெட் போல வரும், அதனால் அதைத் தேய்த்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து தாளுக்குள் அது அமுங்கிப்போகும். வளைவு வரும் இடத்தில் கையைத் திருப்பாமல் தகட்டைத் திருப்புங்கள். ரெட்டி வேலை பார்த்த அத்தலியே 17 என்ற பட்டறையை 1927இல் தொடங்கிய ஹேட்டரும் உளியை அப்படித்தான் ஓட்டினார், கோடு தானே போகட்டும் என்று. படம் தாளில் இடம் வலமாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கொஞ்சம் கறுப்பு மை வாங்கி, ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பழைய அட்டையால் கோடுகளுக்குள் தள்ளுங்கள். மல் துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் செய்தித்தாளால் மெல்ல ஒற்றுங்கள். (ரெட்டியும் அதே பட்டறையில் வேலை பார்த்த கைக்கோ மோத்தியும் ஒரே தகட்டில் பல நிறம் எடுத்ததே எண்ணெய் அளவை மாற்றித்தான்: எண்ணெய் கூடின மையின் மேல் கெட்டி மை ஒட்டாது. முதலில் கறுப்பில் கை பழகட்டும்.)

பருத்தித் தாளை இருபது நிமிடம் ஊறவைத்து, துண்டுக்குள் வைத்து ஈரம் ஒற்றித் தகட்டின்மேல் போடுங்கள். அச்சு எந்திரம் இல்லையென்றால் மேலே இன்னொரு வழுவழுப்பான தாளை வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும், எந்திரத்தில் வருகிற கறுப்பு இதில் வராது. முட்கள் வெளுத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் ஊசியால் மறுபடி கீறி, மை வைத்து, அடுத்த தாளை எடுங்கள்.