சர்க்கரை டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது?

ரிப்போர்ட்டை நீட்டுகிறோம். "கொஞ்சம் கூடியிருக்கு, சாப்பாட்டைக் குறைங்க" என்கிறார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிடுகிறோம். கிடைக்கும் சில நிமிடங்கள் இப்படியே போய்விடக் கூடாது. டைப் 2 சர்க்கரை புதிதாகத் தெரியவந்தவர்களும், அவர்களோடு துணைக்குப் போகிறவர்களும் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

1. ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் டாக்டர் சொன்ன நேரங்களில் பார்த்து, தேதியோடு எழுதுங்கள். சாப்பிட்ட பின் 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கு. சாப்பாட்டையும் எழுதுங்கள். "அளவாத்தான் சாப்பிடறேன்" என்றால் டாக்டருக்கு எதுவும் புரியாது. "காலையில நாலு இட்லி, சாயங்காலம் சர்க்கரை போட்ட டீ ரெண்டு" என்றால் எதை மாற்றலாம் என்று அவரால் சொல்ல முடியும்.

2. டெஸ்டுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள்

இரண்டு நாள் வாயைக் கட்டினால் வெறும் வயிற்று அளவு வேண்டுமானால் நன்றாக வரும். ஹெச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் கிட்டத்தட்ட மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, அது மாறாது. எப்போதும் போலச் சாப்பிட்டுவிட்டுப் போவதே நமக்கு நல்லது.

3. மாத்திரை விஷயத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டதும் நம் வாயில் "போடறேன்" என்றுதான் வரும். திட்டுவாரோ என்ற பயம். ஆனால் முழுதாகப் போட்டும் சர்க்கரை குறையவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார். அப்புறம் ஒரு வாரம் நாம் ஒழுங்காகப் போட்டால் லோ சுகர் ஆகிவிடலாம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இந்த ஆபத்து உண்மையானது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், மெட்ஃபார்மின் போட்டா வயித்தைக் கலக்குது. அதனால ராத்திரி மாத்திரையைப் பாதி நாள் விட்டுடறேன்." உடனே வழி பிறக்கும். சாப்பாட்டோடு போடச் சொல்வார், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார். விலை கட்டுப்படியாகவில்லை என்றாலும் சொல்லுங்கள். விலை குறைந்த மாத்திரைகள் இருக்கின்றன. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்க வேண்டாம். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். கட்டுக்குள் வராத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. அதற்காக டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

4. இவற்றைக் கேளுங்கள்

"எனக்கு ஹெச்பிஏ1சி எவ்வளவு இருக்கணும்?" பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பார்கள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்குப் பொருந்தாது.

"லோ சுகர் ஆனா என்ன பண்ணணும்?" 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கண், பாதம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகிய மூன்றையும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள்.

5. ஊசி என்று சொன்னால்

"நான் சொல்றதைக் கேட்கலைன்னா ஊசிதான்" என்று மிரட்டும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இன்சுலின் தண்டனை கிடையாது. வருடங்கள் போகப் போகக் கணையம் இன்சுலின் சுரப்பது குறையும். ஒழுங்காக இருந்தவர்களுக்கும் ஊசி தேவைப்படலாம். "ஏன் இப்போ வேணும்? கொஞ்ச நாளைக்கா, எப்பவுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

6. எழுந்திருக்கும் முன்

"காலையில இது ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டோட இது ஒண்ணு. சரிதானே டாக்டர்?" என்று சீட்டைக் காட்டித் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்த முறை என்ன டெஸ்ட் எடுத்து வர வேண்டும், டெஸ்ட் அன்று காலை மாத்திரையைப் போடலாமா என்பதையும் அப்போதே அதில் எழுதி வாங்கிவிடுங்கள்.