புது நாட்டில் வீடு அமையும்வரை பி அண்ட் பி-யில் தங்குவது எப்படி?

விசா, டிக்கெட், பெட்டி கட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. வேலைக்கோ படிப்புக்கோ வேறு நாட்டுக்குப் போகிறீர்கள், வாடகை வீடு இன்னும் அமையவில்லை, அதுவரை எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. என் பதில்: வீட்டுக்காரர் தானும் வசிக்கும் வீட்டில், காலை உணவோடு அறை கொடுக்கும் பி அண்ட் பி. ஹோட்டல் வரவேற்பறையில் ஊரைப் பற்றிக் கேட்டால் சுற்றுலா வரைபடத்தை நீட்டுவார்கள். சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் சமையலறை உண்டு, பேச ஆள் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் அபார்ட்மென்ட்தான் சரி. ஓர் அறைக்குள் நான்கு பேரும் எட்டுப் பெட்டிகளும் அடைந்து கிடந்தால் எப்பேர்ப்பட்ட உபசரிப்பும் எடுபடாது.

படி 1: தேடுவது

விருந்தினர் விமர்சனங்களில் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். 'வேலை மாற்றலில் வந்தேன்', 'வீடு கிடைக்கும்வரை இருந்தேன்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி ஒரு விமர்சனம், 'அருமையான இடம்' என்ற இருபது விமர்சனங்களுக்குச் சமம். வார இறுதிச் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் இடங்களில் திங்கட்கிழமை காலையில் உங்களை அறைக்குள் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள்.

முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். பிடித்திருந்தால் நேரில் கேட்டு நீட்டிக்கலாம். விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்றால் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கேட்பார்கள்) பதிவுச் சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியும் இருக்கட்டும்.

நீட்டிப்பை இணையதளம் வழியாகச் செய்யாமல் வீட்டுக்காரரிடமே பேசுங்கள். அவர் தளத்துக்குக் கட்ட வேண்டிய கமிஷன் மிச்சமாவதால் வாடகையில் குறைத்துக்கொள்ளப் பெரும்பாலும் சம்மதிப்பார். விடுதிகள் தங்கள் சொந்தத் தளத்தில் விலையைக் குறைக்கக் கூடாது என்று புக்கிங்.காம் என்ற அறைப் பதிவுத் தளம் விதித்திருந்த நிபந்தனை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் முதல் வாரத்தைத் தளம் வழியாகவே பதிவு செய்யுங்கள். பார்த்திராத ஒருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது வேண்டாம்.

படி 2: முகவரி. இதை இரண்டு முறை படியுங்கள்

என்னை முட்டி நிற்க வைத்தது இந்தக் கட்டம்தான். குடிபெயர்பவருக்குக் கட்டிலைவிட முகவரி முக்கியம். வங்கிக் கணக்கு, வரி எண், சம்பளம், எல்லாம் அதில் தொங்குகின்றன. ஜப்பானில் குடியமர்ந்த 14 நாட்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்கப்போகிறவர் வந்த ஐந்து நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள்; 2015 நவம்பர் முதல் அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்றும் கட்டாயம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பி அண்ட் பி என்பது பல நாடுகளில் சட்டத்தின் பார்வையில் வீடு அல்ல, விடுதி. ஜெர்மனியிலேயே, வெளிநாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்குபவருக்கு மூன்று மாதம் தாண்டினால்தான் பதிவுக் கடமை தொடங்குகிறது. அதனால் பல வீட்டுக்காரர்கள் 'உங்களுக்குச் சான்று தேவையே இல்லையே' என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் பதிவு இல்லாமல் வரி எண் தாமதமாகும். வரி எண் இல்லையென்றால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கலாம்.

எனவே பணம் கட்டுவதற்கு முன், தளத்தின் செய்திப் பெட்டியிலேயே மூன்றைக் கேளுங்கள். அங்கே கேட்டால் பதில் பதிவாக நிற்கும்; தொலைபேசியில் கேட்டது காற்றோடு போகும்.

"உங்கள் முகவரியில் அரசுப் பதிவு செய்ய அனுமதிப்பீர்களா? அதற்கான சான்றில் கையெழுத்திடுவீர்களா? நான் தங்கும் நாட்களில் தபால்பெட்டியில் என் பெயரை ஒட்டலாமா?"

மூன்றாவது கேள்வி அற்பமாகத் தெரியும். ஜெர்மனியில் தபால்காரர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். அறை எண்ணும் மாடி எண்ணும் அங்கே உதவாது. எனக்கு வந்த வங்கி அட்டை, வாசல்வரை வந்து, பெட்டியில் என் பெயர் இல்லை என்பதால் வங்கிக்கே திரும்பிப் போனது. இத்தனைக்கும் முகவரியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. பிறகு வீட்டுக்காரம்மா தன் குடும்பப் பெயர்ப் பலகைக்குக் கீழே, விரல் அகல வெள்ளைத் தாளில் என் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் கரையாமல் இருக்க மேலே ஒளிபுகும் டேப் ஒட்டினார். அடுத்த அட்டை ஒழுங்காக வந்து சேர்ந்தது.

பதிவுக்கு அனுமதி இல்லை என்றாலும் அந்த இடத்தை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். தபாலுக்கு மட்டும் ஒப்புக்கொண்டால் முதல் சில வாரங்களுக்குப் போதும். பதிவுக்கு வேறு வழி உண்டா என்று வேலை கொடுத்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். இந்தக் கேள்விகளை மொழிபெயர்த்து அனுப்ப டீப்எல் (DeepL) என்ற மொழிபெயர்ப்புக் கருவி எனக்குப் பிடித்தது. வாக்கியங்களைச் சிறிதாக எழுதினால் எந்தக் கருவியும் உளறாது.

படி 3: போய்ச் சேருவது

வரும் நேரத்தை எழுதிவிடுங்கள். இது வீடு, நள்ளிரவில் கதவைத் திறக்கக் காவலர் இருக்கமாட்டார். லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள், பழைய வீடுகளில் மாடிப்படி ஒருவர் ஏறும் அகலம்தான் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தால் பதற வேண்டாம். இத்தாலியில் விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அனுப்புவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

படி 4: காலை மேசை

அறையிலேயே சாப்பிடும் வசதி இருந்தாலும் கீழே போய்ச் சாப்பிடுங்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதில் மிக மதிப்புள்ளது அந்த அரை மணி நேரம். 'எந்தப் பகுதி நல்லது?' என்று பொதுவாகக் கேட்டால் 'எல்லாமே நல்லதுதான்' என்பார்கள். வீட்டு விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தத் தெருவில் இரவு பத்து மணிக்கு பஸ் உண்டா? குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு இந்த வாடகைக்குள் அடங்குமா?' என்று கேளுங்கள். விளம்பரத்தில் எழுதாமல் விட்டது என்ன என்பதை உள்ளூர்க்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

துணி துவைப்பது, சமையலறையைத் தொடுவது, விருந்தினரை அழைப்பது ஆகியவற்றை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வீடு பார்ப்பது, கிளம்புவது

நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பவர் நூற்றுக்கு நூறு மோசடிக்காரர். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் அங்கே வாடகைக்குக் குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று சரிபார்த்த பிறகே வாடகைக்கு விட முடியும். அவர் அதை இணையத்தில் சரிபார்க்க நீங்கள் கொடுக்கும் பகிர்வுக் குறியீடு (share code) 90 நாள் செல்லும் என்பதால், வீடு பார்க்கக் கிளம்பும்போதே அரசுத் தளத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அறையைக் காலி செய்த பிறகும் தபால் வந்துகொண்டிருக்கும். புது முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள் சிலவற்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவில் என்றால், வெளிநாட்டவரில் பெரும்பாலோர் இடம் மாறிய 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பின்சேர்க்கை

பெயர் ஒட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கடிதம் அனுப்புபவரிடம் முகவரியின் இரண்டாவது வரியில் 'சி/ஓ' போட்டு, பெட்டியில் இருக்கும் வீட்டுக்காரரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சில வங்கிகளின் இணையப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இருக்காது. தெருப் பெயருக்கு முன்னால் அதே கட்டத்தில் சேர்த்துவிடலாம்.

இன்னொருவர் கேட்டது ரசீது பற்றி. நிறுவனம் தங்கும் செலவைத் திருப்பித் தருவதாக இருந்தால், நேரடியாக நீட்டித்த வாரங்களுக்குத் தளத்திலிருந்து ரசீது வராது. தேதிகள், உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், வரித் தொகை எல்லாம் போட்ட ரசீதை வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். காலை உணவைத் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் அதைத் தினப்படியில் கழித்துக்கொள்ளும்.