பஃப்பை யாருக்கு, எப்போது போடுவது: சப்போர்ட் ஆடுபவர்களுக்கு ஒரு கையேடு

ஆன்லைன் ஆட்டங்களில் பார்ட்டியில் (ஒன்றாகச் சண்டை போடும் குழுவில்) சப்போர்ட் ஆடுபவர்கள், அதாவது பஃப் (பலம் கூட்டும் மந்திரம்) போட்டும் உயிரேற்றியும் உதவுபவர்களில், ஒரு சாரார் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) முடிந்து பட்டன் ஒளிர்ந்த உடனே அழுத்திவிடுவார்கள். இன்னொரு சாரார் "அப்புறம் தேவைப்படும்" என்று பெரிய மந்திரத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பாஸ் செத்து விழுந்த பிறகும் அதைத் தொடாமலே இருப்பார்கள். இரண்டுமே வீண்தான். ஒரு சப்போர்ட் மந்திரத்தின் மதிப்பு, அது நீடிக்கிற 15, 20 நொடிக்குள் கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், பாஸ் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அடுத்தவர் பட்டன்களைத் தெரிந்துவைத்திருப்பதுதான் இந்த வேலையில் பெரிய பங்கு. உதாரணங்களைப் பெரும்பாலும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டசி 14 இரண்டிலிருந்தும் எடுத்திருக்கிறேன். பேட்சுக்குப் பேட்ச் எண்கள் மாறும், ஆட்டத்துக்குள் மந்திர விளக்கத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் மாறாது.

மந்திரம் போடச் செலவாகும் மானாவைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள், ஆனால் அதற்கு முன்பே தீர்ந்துபோவது நேரம். வார்கிராஃப்டில் ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் வரும் பொதுக் கூல்டவுன் 1.5 நொடி, ஹேஸ்ட் (வேகம்) ஏறினால் 0.75 வரை இறங்கும். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் அது 2.5 நொடி, அதாவது நிமிடத்துக்கு 24 மந்திரம், அவ்வளவுதான். அதில் நான்கை யாருக்கும் தேவைப்படாத பஃப்புக்குக் கொடுத்தால், அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய நான்கு ஹீலோ நான்கு அடியோ போனது போனதுதான். இந்தப் பொதுக் கூல்டவுனைத் தொடாத மந்திரங்களும் உண்டு, அவற்றை இரண்டு சாதாரண மந்திரங்களுக்கு இடையில் செருகிவிடலாம். ஃபைனல் ஃபேன்டசியில் உடனடி மந்திரத்துக்குப் பின்னால் இரண்டு செருக இடம் இருக்கும், 1.5 நொடி ஓதும் மந்திரத்துக்குப் பின்னால் ஒன்று. அதற்கு மேல் திணித்தால் அடுத்த மந்திரம் தள்ளிப்போகும், அப்புறம் சண்டை முழுக்க ஒரு அடி பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஆக, செருகக்கூடிய மந்திரங்களை முதலில் செலவழியுங்கள், அவை போதாதபோது மட்டும் பொதுக் கூல்டவுனைத் தின்னும் மந்திரத்துக்குப் போங்கள்.

அடுத்தது, டேமேஜை ஏற்றும் பஃப்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் முழு வேகத்தில் அடிக்கும் ஒரு நேரம் உண்டு, பர்ஸ்ட் என்று சொல்வோமே, அது. ஃபைனல் ஃபேன்டசி 14-இல் 2021 கடைசியில் வந்த எண்ட்வாக்கர் விரிவாக்கத்திலிருந்து பெரிய பார்ட்டி பஃப்கள் எல்லாம் அநேகமாக 2 நிமிடச் சுழற்சியில் வந்துவிட்டன. இதனால் வேலை எளிதாகிவிட்டது என்பார்கள், எனக்கென்னவோ தப்பு செய்தால் விலை கூடிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. ஏன் என்றால் பஃப்கள் ஒன்றையொன்று பெருக்கும். 10% பஃப் இரண்டு ஒரே நேரத்தில் நின்றால் 21% கூடும், அதுவும் எல்லாரும் பலமாக அடிக்கிற நொடிகளில் கூடும். நீங்கள் மட்டும் 10 நொடி தாமதமாகப் போட்டால் பாதிப் பஃப் பர்ஸ்ட் முடிந்த பிறகு வெறும் சாதாரண அடிகளின் மேல் ஓடும், அதோடு அந்த 10 நொடி அடுத்த 2 நிமிடத்துக்கும், அதற்கடுத்ததுக்கும் உங்கள் கூடவே வரும். பிந்திவிட்டால் அடுத்த சுற்றில் எப்படிச் சேர்ந்துகொள்வது என்று யோசியுங்கள். சில சமயம் ஒரு சுற்றை முழுசாகக் கைவிட்டு மற்றவர்களோடு சேர்வதே லாபம்.

வார்கிராஃப்டின் பிளட்லஸ்ட் இதே கணக்கின் பெரிய வடிவம். 40 நொடிக்கு எல்லாருக்கும் 30% ஹேஸ்ட், ஆனால் ஒரு தடவை வாங்கியவர் 10 நிமிடத்துக்கு மறுபடி அதை வாங்க முடியாது, வேறு யார் போட்டாலும் சரி. எனவே பெரும்பாலான சண்டைகளில் அது ஒரே ஒரு முறைதான். வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டால் சண்டை தொடங்கியதும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் எல்லாருடைய கூல்டவுனும் போஷனும் நிச்சயமாகத் தயாராக இருக்கும் ஒரே தருணம் அதுதான். பாஸ் கூடுதல் டேமேஜ் வாங்கும் கட்டம் ஏதாவது இருந்தாலோ, ஓடி ஒளிய வேண்டிய கட்டம் முதல் நிமிடத்திலேயே வந்தாலோ தள்ளிவையுங்கள். தனி ஆளுக்குப் போடும் பவர் இன்ஃப்யூஷன் போன்றவற்றை நண்பனுக்கோ டேமேஜ் பட்டியலில் முதலில் இருப்பவருக்கோ கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. அதன் கூல்டவுன் 2 நிமிடம், ஆகவே தன்னுடைய பெரிய பட்டனும் 2 நிமிடச் சுழற்சியில் வருகிற ஆளாகப் பார்த்து, "நீ அழுத்தும்போது சொல், நான் போடுகிறேன்" என்று சண்டைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாங்குபவர் யார் என்பதால் மந்திரமே மாறுவதும் உண்டு: ஃபைனல் ஃபேன்டசியில் ஆஸ்ட்ரோலஜியன் என்ற ஹீலர் வகுப்பின் பேலன்ஸ் கார்டு நெருங்கி நின்று அடிப்பவருக்கு 6% தரும், தூர நின்று அடிப்பவருக்கு 3%தான்.

தற்காப்பு மந்திரங்களில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள், அதுவும் கணக்கில். டேமேஜைக் குறைக்கும் மந்திரங்களை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். பாஸின் ஒரு அடி 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மேஜுக்கு 80,500 உயிர். 10% குறைக்கும் மந்திரம் இரண்டு போட்டால் 20% குறையும், 80,000 அடி விழும், 500 மிச்சம் என்று நினைப்பீர்கள். உண்மையில் முதல் மந்திரத்துக்குப் பிறகு 90,000, அதில் 10% போக 81,000. மேஜ் காலி. மூன்றாவதாக இன்னொரு 10% போட்டால் 72,900-க்கு இறங்கும், அல்லது 1,000 அளவுக்கு ஒரு சின்ன ஷீல்டு போதும். அந்தச் சின்ன ஷீல்டு பெரும்பாலும் மலிவு. அதனால் ஒரு அடியைத் தாங்க எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு அந்த அளவோடு நிறுத்துங்கள், மீதியை அடுத்த அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது எதோடு சேரும் என்பதும் முக்கியம். ஃபைனல் ஃபேன்டசியில் இரண்டு டேங்கும் (பாஸின் அடியைத் தாங்குபவர்கள்) ஒரே நேரத்தில் பாஸின் டேமேஜைக் குறைக்கும் ரிப்ரைசல் போட்டால் ஒன்று வீண், அது சேராது. ஒருவர் முதல் அடிக்கு, மற்றவர் அடுத்த அடிக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்காலர், சேஜ் என்ற இரண்டு ஹீலர் வகுப்புகளும் ஒரே பார்ட்டியில் வந்தால் அவர்களின் வழக்கமான ஷீல்டுகளும் சேராது. பாஸின் மேல் போடும் ஃபெயிண்ட் அதன் உடல் தாக்குதலை 10%, மந்திரத் தாக்குதலை 5% குறைக்கும். ஆடில் என்ற மந்திரம் அப்படியே தலைகீழ். வரப்போவது எந்த வகை அடி என்று தெரியாமல் போட்டால் பாதிப் பலன்தான்.

நேரமும் இங்கே கறார். அந்த ஆட்டத்தில் பாஸ் ஓதி முடித்து அதன் பட்டை நிறைகிற கணத்திலேயே பெரும்பாலும் டேமேஜ் கணக்கு முடிந்துவிடுகிறது, திரையில் எண் அதற்குப் பிறகுதான் வரும். பட்டை நிறைந்ததைப் பார்த்துவிட்டு அழுத்தினால் போச்சு. பட்டை பாதி தாண்டும்போது அழுத்துங்கள், 10 நொடியோ 15 நொடியோ நீடிக்கும் மந்திரத்துக்கு ஓரிரு நொடி முன்னால் போடுவது ஒரு நஷ்டமே இல்லை. அடுத்தடுத்து இரண்டு அடி வரும் இடமாக இருந்தால் இரண்டும் ஒரே மந்திரத்துக்குள் விழுகிற மாதிரி வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தொடர்ந்து உயிரேற்றும் மந்திரங்களை எப்போது புதுப்பிப்பது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. வார்கிராஃப்டில் இப்படிப்பட்ட பெரும்பாலான மந்திரங்களைச் சீக்கிரமே திரும்பப் போட்டாலும் மிச்ச நேரம், அடிப்படை நேரத்தில் 30% வரை, புதியதோடு சேர்ந்துகொள்ளும். 12 நொடி மந்திரம் என்றால் 3.6 நொடி மிச்சம் இருக்கும்போது போட்டாலும் எதுவும் போகாது. ஃபைனல் ஃபேன்டசியில் அப்படி இல்லை, மிச்சம் இருந்ததை அழித்துவிட்டுப் புதியது ஓடத் தொடங்கும்.

மானா விஷயம் சுருக்கமாக. நிறைந்த உயிரின் மேல் போடும் ஹீல் முழுவதும் வீண், பெரிய மந்திரமாக இருந்தால் பெரிய வீண். வார்கிராஃப்ட் கிளாசிக் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை: மானா செலவழித்த பிறகு 5 நொடிக்கு ஸ்பிரிட் என்ற பண்பின் மூலம் மானா ஊறாது, அதனால் ஒவ்வொரு நொடியும் ஏதாவது ஓதிக்கொண்டே இருப்பதைவிட இரண்டு மூன்று மந்திரத்தை அடுத்தடுத்து போட்டுவிட்டு கொஞ்சம் சும்மா நிற்பது சில சமயம் நல்லது. அங்கே பழைய, குறைந்த ரேங்க் மந்திரங்களைப் பட்டன் வரிசையில் வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். ஃபைனல் ஃபேன்டசியில் மானாவை மீட்கும் லூசிட் ட்ரீமிங்கை, மானா பாதாளத்துக்குப் போகும்வரை வைத்திருக்காதீர்கள், கொஞ்சம் இறங்கியதுமே போட்டு கூல்டவுனை ஓடவிடுங்கள்.

நிற்கிற இடத்தால் மட்டுமே வீணாகும் பஃப்கள் ஏராளம். கில்ட் வார்ஸ் 2-இல் பெரும்பாலான பூன்கள் (அங்கே பஃப்களுக்கு அந்தப் பெயர்) 5 பேருக்குத்தான் போகும், அதுவும் உங்கள் துணைக் குழுவுக்குத்தான் முன்னுரிமை. எல்லாருடைய கூல்டவுனையும் 25% வேகமாக ஓடவைக்கும் அலாக்ரிட்டியை நீங்கள் எவ்வளவு சரியாகச் சுழற்றினாலும், துணைக் குழுவைத் தப்பாகப் பிரித்திருந்தாலோ வில்லாளி எங்கேயோ தூரத்தில் நின்றாலோ அவருக்குப் போகாது. சண்டை தொடங்கும் முன்னால் துணைக் குழுப் பட்டியலைப் பாருங்கள். தரையில் வட்டமாகப் போடும் மந்திரத்தை ஆட்கள் இப்போது நிற்கும் இடத்தில் போடாதீர்கள், அடுத்து எங்கே ஓடப்போகிறார்களோ அங்கே போடுங்கள்.

டீபஃப் (எதிரி நம் மேல் போடும் கெட்ட விளைவு) நீக்குவதில் அவசரம் வேண்டாம். வார்கிராஃப்டில் ஹீலரின் நீக்கும் மந்திரம் ஒன்றை எடுத்ததும் 8 நொடி கூல்டவுனுக்குப் போய்விடும், அந்த 8 நொடிக்குள் மோசமான ஒன்று வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். வார்லாக்கின் அன்ஸ்டேபிள் அஃப்ளிக்ஷன் போல, நீக்கியவரையே அடித்து வாயையும் கட்டிவிடும் டீபஃப்களும் இருக்கின்றன. ஃபைனல் ஃபேன்டசியில் டீபஃப்பின் படத்தின் மேலே வெள்ளைக் கோடு இருந்தால்தான் அதை நீக்கும் ஈஸ்யூனா வேலை செய்யும், கோடு இல்லாததைத் துரத்த வேண்டாம்.

இவ்வளவும் கைக்கு வர பட்டன் அமைப்பு ஒத்துழைக்க வேண்டும். பார்ட்டி பட்டியலைத் திரையின் ஓரத்திலிருந்து கதாபாத்திரத்துக்கு அருகே நகர்த்துங்கள், பெரிதாக்குங்கள். வார்கிராஃப்டில் மவுஸ் யார் மேல் இருக்கிறதோ அவருக்கே மந்திரத்தைப் போடும் மவுஸ்ஓவர் மேக்ரோ வைத்தால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கிளிக் ஒவ்வொரு மந்திரத்துக்கும் மிச்சம். ஃபைனல் ஃபேன்டசியில் மேக்ரோ மூலம் போடும் மந்திரம் முன்கூட்டி வரிசையில் நிற்காது, அதனால் சண்டை முழுக்க அடிக்கடி அழுத்தும் மந்திரங்களை மேக்ரோவில் வைக்காதீர்கள், எப்போதாவது போடுவதற்கு மட்டும் சரி.

சண்டை முடிந்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வார்கிராஃப்ட் ஆடுபவர்கள் வார்கிராஃப்ட் லாக்ஸில் ஏற்றி, ஒவ்வொரு மரணத்தின்போதும் உங்களிடம் எந்தெந்த மந்திரம் சும்மா இருந்தது என்று பார்க்கலாம். ஃபைனல் ஃபேன்டசியின் விதிகள் வெளிக் கருவிகளை அனுமதிப்பதில்லை, அங்கே உங்கள் திரையை வீடியோ எடுத்துவைத்தாலே போதும். மொத்த ஹீல் எண்ணைப் பார்த்து மகிழ்வதில் பெரிய பயன் இல்லை.

கடைசியாக, செத்தவரை எழுப்புவது. ஃபைனல் ஃபேன்டசியில் அடுத்த மந்திரத்தை ஓதாமல் உடனே போடவைக்கும் ஸ்விஃப்ட்காஸ்டை வேறு எதற்கும் செலவழிக்காமல் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு ஹீலர் விழுந்திருந்தால் அவரை முதலில் எழுப்புங்கள், அப்போதுதான் எழுப்ப இரண்டு ஆள் இருக்கும். எல்லாரையும் அடிக்கும் தாக்குதலுக்குச் சற்று முன்னால் எழுப்பினால் குறைந்த உயிரோடு எழுந்து அப்படியே மறுபடி விழுவார், அதற்கும் சேர்த்து மானா உங்களுடையது. எழுந்த உடனே சில நொடிகளுக்கு அடி விழாத பாதுகாப்பு இருக்கும், ஆனால் ஏதாவது ஒரு மந்திரம் போட்டதும் அது போய்விடும். ஆகவே எழுப்பப்பட்டவரிடம் சொல்லிவையுங்கள்: எழுந்ததும் எதையும் அழுத்தாதே, அந்த அடி கடக்கட்டும், அப்புறம் ஆடு.