வெள்ளி வாங்கமுன் தண்ணீரில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் வாங்கினாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்ததை வாங்கினாலும் சரி, காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பி வெள்ளி நாணயம் எடுக்காதீர்கள். செம்பிலும் ஈயத்திலும்கூடத்தான் காந்தம் ஒட்டாது.

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ ஓரத்திலோ முட்டாமல் முழுதாகத் தாழவிடுங்கள். ஓர் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி நிறுக்கும் ட்ரோய் அவுன்ஸ்), அதாவது 31.1 கிராம் சுத்த வெள்ளி என்றால் தராசு 2.96 கிராம் அளவில் நிற்கும். 3.4ஐத் தாண்டினால் செம்பிலோ பித்தளையிலோ முலாம் பூசியிருக்கிறார்கள். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தாலும் எண் கூடும். நூலைச் சுண்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பிறகு தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுங்கள்.

பழைய காசுக்குக் கணக்கு வேறு. இலங்கை 50 சதம் 1917 வரை 80 வீத வெள்ளி. 1919இலிருந்து 55 வீதம்தான். 1957 புத்த ஜயந்தி 5 ரூபா 92.5 வீதம், 28.28 கிராம்.

கறுத்த காசைப் பழப்புளி போட்டு மினுக்கினால் சேகரிப்பாளர் தரும் விலை அதோடு போச்சு. றப்பர் பாண்ட் போட்டும் கட்டிவைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.