நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தாதீர்கள்

போன சனிக்கிழமை பட்டறைக்குள் நுழைந்தபோது, இரண்டு மாதம் முன்பு எங்களோடு சேர்ந்த மதுரைப் பையன் மரச் சுத்தியலும் கையுமாக நின்றிருந்தான். மேசைமேல் கசங்கிய அலுமினியத் தகடு ஒன்று. "அண்ணா, இதைத் தட்டி நிமிர்த்திட்டா அப்படியே அளவு எடுத்துடலாம்ல?" என்றான். சுத்தியலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தேன். ஒன்பது வருடம் முன்பு இதே மேசையில் இதே யோசனையோடு நின்றவன் நான். அன்றைக்குச் சுத்தியலைப் பிடுங்க ஆள் இல்லை.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் ஒரு கொட்டகையில், வாரக் கடைசியில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர் ஷார்ட் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானத்தின் முன்பகுதியில் ஒரு துண்டை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறக்கிய முதல் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அது. 1941 பிப்ரவரியில் ராட்டர்டாம் எண்ணெய்க் கிடங்குகள்மீது முதல் தாக்குதல். 2,300க்கு மேல் கட்டினார்கள். உயரப் பறக்க முடியாததால் கடைசியில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) இழுக்கவும் பாராசூட் வீரர்களை இறக்கவும் விட்டார்கள். போர் முடிந்ததும் உடைத்து உருக்கிவிட்டார்கள். அதே போரின் இன்னொரு குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் இன்றும் இரண்டு பறக்கின்றன. ஸ்டெர்லிங் முழுசாக ஒன்றுகூட மிச்சமில்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் சில தவறுகளை இங்கே சொல்லப்போகிறேன். கண்ணாடி போடு, கையுறை போடு என்பதெல்லாம் சுவரிலேயே எழுதியிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

கசங்கிய தகட்டை அச்சாக்குவது

எங்கள் பகுதிக்கு வேண்டிய வரைபடங்களில் பாதிகூட எங்களிடம் இல்லை. விழுந்த விமானங்களின் சிதிலங்கள்தான் வரைபடம். அதனால்தான் எல்லோருக்கும் அந்த ஆசை வருகிறது: நெளிந்ததை நிமிர்த்து, புதுத் தகட்டின்மேல் வை, ஓரத்தைக் கோடு போட்டு வெட்டு.

தரையில் மோதிய உலோகம் வெறுமனே மடிவதில்லை, இழுபடுகிறது. மடிந்ததை நிமிர்த்தலாம், இழுபட்டதை எப்படித் திரும்பச் சுருக்குவது? சுத்தியல் அடியோ அதை இன்னும் கொஞ்சம் பரப்பும். சப்பாத்தி மாவைத் தட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அலுமினியம் கையில் வந்ததும் மறந்துபோகிறது.

நான் நிமிர்த்திய தகட்டில் இரண்டு ரிவிட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகளுக்கு இடையே 307.8 மில்லிமீட்டர் வந்தது. வெர்னியர் அளவுகோலில் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். துல்லியமாக அளந்துவிட்ட திருப்தியில் அந்த அளவுக்கே ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சட்டம்) செய்தேன். அதை அங்குலத்துக்கு மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வரைவாளர் அங்குலத்திலும் அதன் பின்னத்திலும் யோசித்தவர். பன்னிரண்டு அங்குலம் என்றால் 304.8. என் தகடு மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தது, அவ்வளவுதான் கதை.

கதை அதோடு நின்றிருந்தால் ஒரு ஜிக் மட்டும் போயிருக்கும். என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது அடுத்து நான் செய்தது. முதல் இரண்டு ஃப்ரேம்களை (விமான உடலின் குறுக்குச் சட்டங்கள்) நிறுத்தி, அவற்றை நீளவாட்டில் இணைக்கும் பட்டியான ஸ்ட்ரிங்கரை வைத்தபோது துளைகள் ஒட்டவில்லை. பார்த்தேன். பார்த்தும், ஸ்ட்ரிங்கரில் வேறு துளை போட்டுச் சரிக்கட்டினேன். அடுத்த இடைவெளியிலும் அப்படியே. ஐந்து இடைவெளி முடிந்தபோது மொத்தம் 15 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே அசல் வார்ப்புத் துண்டு, விமானத்தின் உள்தரையில் உட்காரவேண்டியது, எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்கார மறுத்தது. பதினோரு மாதத்துச் சனிக்கிழமைகள். அத்தனை ரிவிட்டையும் ட்ரில் போட்டு எடுத்தோம். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, தேநீர் மட்டும் போட்டுக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடிப்படையைத் திருத்தாமல் வேறிடத்தில் சரிக்கட்டும் இதே தவறின் பிள்ளைதான் ஸ்டெர்லிங்கும். முழு விமானத்துக்கு முன்னால் பாதி அளவில் மரத்தில் ஒன்று செய்து 1938இல் பறக்கவிட்டார்கள். அதை ஓட்டிப் பார்த்த விமானப்படை, மேலெழும்ப ரொம்ப தூரம் ஓடுகிறது, இறக்கையின் கோணத்தைக் கூட்டுங்கள் என்றது. இறக்கை பொருத்தும் இடத்தை மாற்ற வேண்டுமென்றால் தயாரிப்பு வேலையைக் கலைக்க வேண்டும். அதற்குப் பதில் சக்கரக் கால்களை நீட்டி, தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும்படி செய்துவிட்டார்கள். கோணம் கிடைத்தது. கூடவே, கொக்குக்கால் மாதிரி உயரமான, சிக்கலான, அடிக்கடி மடிந்து விழும் சக்கரத் தொகுதியும் கிடைத்தது. 1939 மே 14 அன்று முதல் விமானம் முதல்முறை பறந்து இறங்கியபோது பிரேக் பிடித்துக்கொண்டது, கால் மடிந்தது, விமானம் தேறவில்லை. கட்டியவர்களே அப்படி என்று நான் ஆறுதல் தேடிக்கொண்டதுண்டு. ஃபிட்டர் அதற்கும் தேநீர்தான் கொடுத்தார்.

சரி, எப்படி அளப்பது? கசங்கியதைக் கசங்கியபடியே வையுங்கள். மடிப்பு படாத தட்டையான இடத்தைத் தேடி அங்கே மட்டும் அளவெடுங்கள். ரிவிட் துளையை உற்றுப் பாருங்கள்: வட்டமாக இருந்தால் அந்தப் பகுதியை ஓரளவு நம்பலாம், முட்டை வடிவமாகியிருந்தால் உலோகம் அந்தத் திசையில் இழுபட்டிருக்கிறது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்து கூட்டிக்கொண்டே போகாதீர்கள், ஒவ்வொரு அளவின் பிழையும் சேர்ந்துகொண்டே வரும். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே ஒரே முறை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அப்புறம் அங்குலத்துக்கு மாற்றுங்கள். ஒழுங்கான பின்னம் வராவிட்டால் அடுத்த துண்டைத் தேடுங்கள். முக்கியமாக, முதல் துளை ஒட்டாத அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள்.

கம்பி பிரஷ்

வயலிலிருந்து வந்த துண்டைப் பளபளவென்று தேய்த்துவைத்துவிட்டுப் பாராட்டுக்காக நிற்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். அந்த அழுக்குக்கு அடியில் பாக எண், ஆய்வாளரின் சிறு முத்திரை, உள்பக்கப் பச்சை வண்ணம், சில சமயம் தொழிலாளி பென்சிலில் போட்ட குறி எல்லாம் இருக்கும். பாக எண் போய்விட்டால் அந்தத் துண்டு விமானத்தில் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே மாதக் கணக்காகும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ். அதற்கும் முன்னால் நாலு பக்கமும் போட்டோ.

கேஜ் என்றால் எந்தக் கேஜ்?

பழைய பிரிட்டிஷ் வரைபடத்தில் தகட்டின் கனம் 18 கேஜ் என்றிருந்தால் அது எஸ்.டபிள்யூ.ஜி. எனும் பிரிட்டிஷ் கேஜ், அதாவது 1.22 மில்லிமீட்டர். அமெரிக்கக் கேஜில் 18 என்றால் 1.02. நம் ஊரில் மோட்டார் வைண்டிங் கடைப்பக்கம் போயிருந்தால் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ஆர்டர் போடும்போது கேஜ் எண்ணை எழுதாமல் மில்லிமீட்டரை எழுதுங்கள்.

மடிப்புக் கோட்டை ஊசியால் கீறுவது

மடிக்கும்போது அங்கேதான் விரிசல் விழும். பென்சில் போதும்.

ரிவிட்டை ஆறவிடுவது

டூராலுமின் (அலுமினியக் கலவை) ரிவிட்டைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கியெடுத்தால் கொஞ்ச நேரம் மென்மையாக இருக்கும், அப்புறம் தானாகவே இறுகும். இரண்டு மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். போர்க்காலத் தொழிற்சாலைகளில் இதைத் தள்ளிப்போடவே ரிவிட்டைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, காலையில் சூடாக்கிய ரிவிட்டை அடித்தால் ரிவிட்டின் தலை வெடிக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் சூடாக்குங்கள்.

ஒளிரும் டயல்

ரேடியம், கதிர்வீசும் பொருள். திறக்காதே, சுரண்டாதே, வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

"வயலில் கிடந்தது, எடுத்து வந்தேன்"

பிரிட்டனில் 1986ஆம் வருடச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானம் எதுவும் பாதுகாக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டவோ எடுக்கவோ கூடாது. பலர் இதை வெறும் காகிதத் தொல்லை என்று நினைக்கிறார்கள். 2020இல் நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரியிலிருந்து ஒரு ஸ்டெர்லிங்கின் சிதிலங்களை எடுத்தார்கள். 1943 மார்ச்சில் ஏழு பேரோடு விழுந்தது அது. சேற்றோடு அவர்களின் எச்சங்களும் வந்தன. நீங்கள் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு வரும் துண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், எங்கள் கொட்டகைக்குள் அது வராது.

"இது பறக்குமா?"

பறக்காது. அடுத்த கேள்வி.