பிரிண்ட் கடையில் வாட்ஸ்அப் வெப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலைக் கடை வைத்திருக்கிறேன். ஹால் டிக்கெட், பட்டா, ஆதார், வருமானச் சான்றிதழ் என்று பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் பலர் கடைக்குள் நுழையும்போதே போனை நீட்டி, "வாட்ஸ்அப் வெப் ஓப்பன் பண்ணுங்க, ஸ்கேன் பண்ணிக்கிறேன்" என்கிறார்கள். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், கேபிள் தேட வேண்டாம், பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து ஸ்கேன் பண்ணினால் போதும், போனில் உள்ள வாட்ஸ்அப் அப்படியே கம்ப்யூட்டரில் வந்துவிடும். வசதிதான், மறுக்கவில்லை. பிரவுசிங் சென்டர் காலத்தில் பல சாட் கணக்குகளை ஒரே பக்கத்தில் திறக்கும் மீபோ என்ற தளத்துக்குப் போய் யாஹூ, ஜிடாக் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் தட்டிவிட்டு எழுந்து போவோம். இன்றைய பிள்ளைகள் அதையே பாஸ்வேர்டுகூட இல்லாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

லாக் அவுட் பண்ணுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு ஃபைலுக்காக மொத்தக் கணக்கையும் இணைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தீராத தவறு இதுதான். வேண்டியது இரண்டு பக்க பிடிஎஃப். அதற்காக க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுகிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் குடும்பக் குரூப், சீட்டுக் குரூப், டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் கடைக்காரர் முன்னால் பதினெட்டு இஞ்ச் திரையில் இறங்குகின்றன. ஒரு பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க பீரோச் சாவியையே கடையில் கொடுத்துவிட்டுப் போவது போன்றது இது.

இதில் பழைய நினைப்பு ஒன்று ஆளைக் கவிழ்க்கிறது. வாட்ஸ்அப் வெப் 2015 ஜனவரியில் வந்தபோது, பிரவுசரில் தெரிந்தது போனின் நிழல் மட்டும்தான். போனில் நெட் நின்றால் அங்கேயும் நின்றுவிடும். 2021-இல் ஒரே கணக்கைப் பல சாதனங்களில் தனித்தனியாக இயக்கும் வசதி வந்த பிறகு நிலைமை தலைகீழ். இணைத்த கம்ப்யூட்டர் தனியாக இயங்கும். உங்கள் போன் ஆஃப் ஆகி இருந்தாலும் அதில் மெசேஜ் வரும், போகும். போனையே தொடாமல் 14 நாள் இருந்தால்தான் இணைப்பு தானாக அறுபடும். தினமும் போன் பார்க்கிறவருக்கு அந்த 14 நாள் எங்கே வரப்போகிறது? ஆனாலும், "டேட்டாவை ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

ஒரு அக்கா பதறிப்போய் வந்தார். அவர் நம்பரிலிருந்து அவருடைய தம்பிக்கு, "அவசரமா பத்தாயிரம் போட்டுவிடு, அப்புறம் பேசுறேன்" என்று மெசேஜ் போயிருக்கிறது. கூடவே ஒரு யூபிஐ நம்பர். அக்காவின் மெசேஜ்தானே என்று தம்பியும் போட்டுவிட்டார். யாரோ போனை ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அக்கா இரண்டு வேலை செய்திருந்தார். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்கப் பின் போட்டிருந்தார். வாட்ஸ்அப்பைத் திறக்கக் கைரேகைப் பூட்டும் போட்டிருந்தார். இரண்டும் நல்லவைதான். ஆனால் ஏற்கெனவே இணைந்திருக்கும் கம்ப்யூட்டரை இரண்டுமே ஒன்றும் செய்யாது. அந்த ஆறு இலக்கப் பின், உங்கள் நம்பரை வேறு போனில் பதியும்போது கேட்பது. வெப் இணைக்கும்போது அதைக் கேட்பதே இல்லை.

"போனைக் கொடுங்கக்கா" என்று வாங்கி, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'லிங்க்டு டிவைசஸ்' திறந்தேன். 'கூகுள் குரோம், விண்டோஸ்' என்று ஒரு வரி. அதன் கீழே, கடைசியாக இயங்கியது இன்றைக்கு என்று இருந்தது. அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. யோசித்து யோசித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மகளின் கல்லூரி விண்ணப்பம் பிரிண்ட் எடுத்ததைச் சொன்னார். அந்த வரியைத் தொட்டு லாக் அவுட் கொடுத்ததும் இணைப்பு அறுந்தது. பணம் போனது போனதுதான்.

வெப் இணைப்புகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக வெளியேற வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. "இனி கவலை இல்லையே" என்று சிலர் சொல்கிறார்கள். தம்பிக்கு மெசேஜ் அனுப்ப ஆறு நிமிஷம்கூட வேண்டாமே.

சரி, வேறு வழி? அந்த ஒரு ஃபைலை மட்டும் கடையின் வாட்ஸ்அப் நம்பருக்கோ மெயிலுக்கோ அனுப்புங்கள். கடைக்காரருக்கு உங்கள் நம்பர் தெரியும், அந்த ஃபைல் தெரியும், அதோடு சரி. கேபிள் இருந்தால் இன்னும் நல்லது.

லாக் அவுட் பண்ணினால் எல்லாம் போய்விடும் என்று நம்புவது

போகாது. வாட்ஸ்அப் வெப்பில் பிரிண்டுக்காக இறக்கிய ஃபைல் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் எங்கள் கடை ஃபோல்டரிலேயே முன்பின் தெரியாதவர்களின் ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், கல்யாணப் போட்டோ என்று வரிசையாக நிற்கும். இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தாலும் இதே கதைதான். அது மூடும்போது இணைப்பை மறக்குமே தவிர, இறக்கிய ஃபைலைத் தொடாது. கிளம்பும் முன் குரோமில் கன்ட்ரோலும் ஜே-யும் அழுத்துங்கள். அன்றைக்கு இறக்கியவை வரிசையாக வரும். அங்கிருந்து ஃபோல்டரைத் திறந்து, உங்கள் ஃபைலை ஷிஃப்ட் டெலிட் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். இப்படிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்கான கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

இ-ஆதார் ஃபைலின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். அதை வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழச் சொல்லாதீர்கள், நீங்களே தட்டுங்கள். கேட்கும் இடத்தில் செல்லும் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரையே எடுங்கள்.

கூகுளில் தேடி முதலில் வருவதைத் திறப்பது

தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். போலிப் பக்கமும் உண்மையான க்யூஆர் கோடை வாங்கிக் காட்ட முடியும். நீங்கள் ஸ்கேன் பண்ணினால் இணைவது எங்கேயோ இருக்கும் இன்னொருவரின் கம்ப்யூட்டர். வெப் டாட் வாட்ஸ்அப் டாட் காம் என்று கையால் தட்டுங்கள்.

எட்டு எழுத்துக் கோடு

ஸ்கேன் இல்லாமல் நம்பரும் எட்டு எழுத்துக் கோடும் போட்டும் இணைக்கலாம். யாராவது போனில் பேசிக்கொண்டே, "இந்தக் கோடை உங்க வாட்ஸ்அப்ல போடுங்க" என்றால் போனை வையுங்கள்.

டெலிகிராமும் இப்படித்தான் என்று நினைப்பது

இல்லை. டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் அவர்கள் சர்வரில் இருக்கின்றன. அதனால் வெப்பில் நுழைந்த நிமிஷமே பல வருஷத்துப் பழைய ஃபைல்களும் வந்துவிடும். சீக்ரெட் சாட் மட்டும் வெப்பில் வராது. லாக் அவுட் பண்ணாமல் போய்விட்டால் கணக்கு மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். செட்டிங்ஸில் 'டிவைசஸ்' போய் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். இங்கே டூ ஸ்டெப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் புதிதாக நுழையும்போது அதைக் கேட்கும், போட்டு வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸை வெப்பில் இணைப்பது

போனின் எஸ்எம்எஸ் ஆப்பான கூகுள் மெசேஜஸை வெளிக் கம்ப்யூட்டரில் இணைக்கவே வேண்டாம். பேங்க் ஓடிபி அங்கே வந்து விழும்.

சிக்னல் வெப்

சிக்னல் என்பது வாட்ஸ்அப் போல இன்னொரு மெசேஜ் ஆப். அதற்கு வெப் என்று ஒன்று கிடையாது. இருப்பதாகக் காட்டும் பக்கம் போலி.

பணம் போனபின் சொந்தக்காரர்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது

முதலில் இணைப்புகளை வெட்டுங்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். நேரம் போகப் போக அந்தப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். பணம் அனுப்பியவர் பக்கத்தில் இருப்பது நல்லது. யூபிஐ பரிவர்த்தனை எண் அவர் போனில்தான் இருக்கும், அதைக் கேட்பார்கள்.