பட்டறையில் தினமும் இடுப்பு வலியா? பெல்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுங்கள்

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு சின்னப் பட்டறைக்குள் போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பஞ்சும் பேண்டேஜும் பிரிக்காமலே கிடக்கும், வலித்தைலம் மட்டும் வழித்தெடுத்துக் காலியாகியிருக்கும். கையில் வெட்டுப்படுவது என்றைக்கோ ஒரு நாள்தான். இடுப்பும் தோளும் தினமும் வலிக்கின்றன.

இதைச் சொன்னதும் முதலாளி இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுப்பார். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். காயமே இல்லாத ஆளுக்கு பெல்ட் மாட்டிவிட்டால் முதுகில் அடிபடாது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தெம்பில் ஆள் இன்னும் அதிகமாகத் தூக்கப் பார்ப்பார். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஷீட் கூரைக்குக் கீழே அதைக் கட்டிக்கொண்டு எத்தனை மணி நேரம் நிற்பது? மதியத்துக்குள் ஆணியில் தொங்கும்.

சரி, குனிந்து குனிந்துதான் வலிக்கிறது, மேஜையைத்தான் உயர்த்துவோம் என்று கிளம்பினால் அங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. அதை நானே செய்திருக்கிறேன். கொடுங்கையூர் பக்கம் ஒரு பட்டறையில் மேற்பார்வை பார்த்தபோது எல்லா மேஜைக்கும் ஒரே அளவாகக் காலை நீட்டி வெல்டு வைக்கச் சொன்னேன். லேத் என்ற கடைசல் மெஷினில் நிற்கும் உயரமான டர்னர்களுக்குச் சந்தோஷம். வெட்டிய இரும்பின் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்கும் அக்கா குள்ளம். நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே அரம் பிடித்தார். அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து அதன் மேல் நின்றார். "வழுக்கி விழுந்தா யாருக்கா பதில் சொல்றது?" என்று திட்டி இறக்கிவிட்டேன். அவர் எனக்கு விடையைக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

அளக்க வேண்டியது ஆளின் முழங்கையை. கையை மடக்கி நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடியுங்கள். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ச் செய்யும் நுணுக்க வேலை அதற்கு 5 செ.மீ. மேலே இருக்கலாம். பாகங்களைப் பொருத்தும் சாதாரண அசெம்பிளி 5 முதல் 10 செ.மீ. கீழே. சுத்தியல் அடி, உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தும் வேலை எல்லாம் முழங்கையிலிருந்து 20 செ.மீ.க்கும் அதிகமாகக் கீழே. இந்தக் கணக்கு கை வேலை செய்யும் இடத்துக்கு, மேஜைப் பலகைக்கு இல்லை. மேஜை மேல் கவ்விப் பிடிக்கும் வைஸ், வைஸில் ஜாப், அதாவது வேலை செய்யும் பொருள், என்று ஏறிக்கொண்டே போகுமே! முகவாயில் முஷ்டியை வைத்து, முழங்கை வைஸைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய ஐடிஐ பழக்கம் சும்மா வந்ததில்லை. உயரமானவருக்கு ஏற்ப மேஜையை வைத்துவிட்டு, குள்ளமானவருக்கு ஆடாத, அகலமான மரப்பலகை போடுங்கள். மேஜையை அறுப்பதைவிடப் பலகை மலிவு.

அடுத்தது தரையில் கொட்டி வைக்கும் சரக்கு. "20 கிலோதானே" என்பார்கள். நையோஷ் கணக்கில் 23 கிலோ என்பதே எல்லாம் சாதகமாக இருக்கும்போது மட்டும்: சுமை உடம்போடு ஒட்டி, இடுப்புக்குப் பக்கத்து உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது தூக்கினால். அதே எடையில் வார்ப்புப் பாகங்கள் நிறைந்த காஸ்டிங் டிரேயைத் தரையிலிருந்து கையை நீட்டி எடுத்து, இடுப்பைத் திருப்பி லேத் பக்கம் வைத்தால் அந்த வரம்பு வெகுவாக இறங்கிவிடும். ரேக்கில் கைக்கு எட்டும் நடுத்தட்டில் பழைய பில் கட்டும் காலி டப்பாவும் உட்கார்ந்திருக்கும், கனமான ராடு தரையில் கிடக்கும். இடத்தை மாற்றி வையுங்கள், செலவே இல்லை. சங்கிலியை இழுத்துக் கனம் தூக்கும் செயின் பிளாக் இருந்தும் யாரும் தொடுவதில்லை என்று புலம்பும் முதலாளிகள், அது எந்த மூலையில் தொங்குகிறது என்று பார்க்கட்டும். பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வேலை செய்கிறவர் அதை இழுத்துவர ஐந்து நிமிஷம் செலவழிக்க மாட்டார்.

உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் என்ற எண்ணமும் இன்னும் போகவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தியது பலருக்கு நினைவிருக்கும். நின்றே வேலை செய்கிறவர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 44-ஆம் பிரிவிலேயே இருந்தது. குறிப்பாக ஃபுட் பெடல் பிரஸ்ஸில் நிற்க வைத்து வேலை வாங்காதீர்கள். ஒரு கால் பெடலில், மொத்த பாரமும் இன்னொரு காலில். ஸ்டூல் போட முடியாவிட்டால், கால் மாற்றி மிதிக்கிற மாதிரி அகலமான பெடலாவது வைக்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை: விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் ஜாப் மேல் விழும், கழுத்து தானாக முன்னே நீளும்.

கடைசியாக, "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். "அதெல்லாம் இல்ல சார்" என்றுதான் பதில் வரும், வேலை போய்விடுமோ என்ற பயம். அதற்குப் பதில் அவர்கள் தாங்களாகச் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். கிரைண்டர் பிடியில் சுற்றிய துணி, கவிழ்த்த கிரேட், காலடியில் நாலாக மடித்துப் போட்ட அட்டைப்பெட்டி. அந்த அட்டையைக் குப்பை என்று பெருக்கித் தள்ளும் முன், அந்த இடத்தை அளந்து கெட்டியான பழைய ரப்பர் பெல்ட் துண்டு ஒன்றை வெட்டிப் போடுங்கள்.